தறிக்குழிக்கு வந்த சிற்றலை

தறிக்குழிக்குள் காலை இறக்கிவிட்டால் பட்டு நெசவாளருக்குப் பகல் முழுக்க ஒரே இடம்தான். உழவர் வரப்பு மாறுவார், வண்டிக்காரர் ஊர் மாறுவார், கொத்தனார்கூட சாரத்தில் ஏறி இறங்குவார். நெசவாளரின் உலகம் முழக்கணக்கில் அளக்கக்கூடியது. எதிரே பாவு, கைக்கு எட்டும் தூரத்தில் தார்க்கூடை, தலைக்கு மேல் ஜக்காடு பெட்டி. அப்படி இருந்தும், 1960களிலிருந்து ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்துத் தறி வீடுகளுக்குள் நுழைந்து நிலைத்த வானொலி, எங்கும் தூக்கிக்கொண்டு போகச் செய்யப்பட்ட டிரான்சிஸ்டர்தான். 1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி நிறுவனமும் 1955இல் ஜப்பானில் பின்னாளைய சோனி நிறுவனமும் சந்தைக்குக் கொண்டுவந்த அந்தச் சரக்கு, பயணம் போகிறவர்களையும் கடற்கரையில் காற்று வாங்குகிறவர்களையும் மனத்தில் வைத்து விற்கப்பட்டது. இடம் விட்டு நகராத தொழில்காரர் நகரும் பெட்டியை விரும்பியதற்கு என்ன காரணம்? விலை மலிவு என்பது பாதிப் பதில். மீதிப் பாதி இரண்டு செய்திகளில் இருக்கிறது. ஒன்று, அந்தப் பெட்டி ஊர் விட்டு ஊர் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே இடம் மாறியது. இரண்டு, அதில் அவர் தேடிய சிற்றலை, தூரதேசத்து ஆடம்பரமாக இல்லாமல், ஆரணிக்கு உள்ளூர் நிலையத்தின் வேலையைச் செய்தது. சிற்றலை என்றாலே லண்டனையும் மாஸ்கோவையும் துழாவும் பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இரண்டாவது செய்தியைத்தான்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியபோது அதற்கு இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. மத்திய அலையில் இருந்தது வெறும் 250 வாட். சிற்றலையில் இருந்தது 10 கிலோவாட், அதாவது நாற்பது மடங்கு. இது தற்செயலாக நடந்ததன்று. அகில இந்திய வானொலியின் முதல் கட்டுப்பாட்டாளர் லயனல் ஃபீல்டனுக்கும் தலைமைப் பொறியாளர் கோய்டருக்கும் கையில் இருந்த பணம் குறைவு, நாடு பெரிது. மத்திய அலை தரையை ஒட்டி ஊர்ந்து போவது. வெப்பமண்டலத்து இடியும் மின்னலும் அதைக் கரகரக்க வைக்கும். நாடு முழுக்க மத்திய அலை நிலையங்களை நட்டுக்கொண்டே போவதற்குக் காசும் இல்லை, காலமும் இல்லை. சிற்றலை மேலேறி, வளிமண்டலத்தின் மின்னூட்டப் படலத்தில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் விழும். தரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் ஏதோ ஒன்று கேட்கட்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் ஆரணிக்கு, 250 வாட் மத்திய அலை பட்டணத்துக்காரர்களின் சொத்து. சென்னைப் பேச்சும் கச்சேரியும் வடாற்காட்டுக்கு வந்து சேர நம்பத்தக்க வழி சிற்றலைதான். ஆக, தொடக்கத்திலேயே இந்த ஊருக்கு மிக அருகில் இருந்த நிலையத்தைக் கேட்கவே சிற்றலைப் பட்டை வேண்டியிருந்தது.

அடுத்த அருகாமை தெற்கே, கடலுக்கு அப்பால் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகத் தென்கிழக்காசியத் தலைமையகம் கொழும்பில் நடத்திய வானொலிக்கு, ஏகலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. அந்த நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அடுத்த இரண்டே ஆண்டில், 1952இல், இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டி அதை அகில இந்திய வானொலியில் இறுக்கிப் பிடித்தார். சாஸ்திரிய சங்கீதம் கேட்டு நாடு திருந்தும் என்று அமைச்சர் நம்பினார். நாடோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பியது. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலும், பின்னர் கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களும் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களுக்கு வீட்டுக் குரல்களானது இப்படித்தான். 'பொங்கும் பூம்புனல்' பாடத் தொடங்கினால் காலை, 'பாட்டுக்குப் பாட்டு' வந்தால் வாரம் ஒன்று கழிந்தது என்று பொழுதையே அதை வைத்துக் கணக்கிட்ட தலைமுறை அது.

கொழும்பு ஆரணிக்கு 'அருகில்' இருந்தது என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 640 கிலோமீட்டர். ஆனால் சிற்றலைக்கு அருகாமையின் அளவுகோல் வேறு. ஒலிபரப்பியைச் சுற்றிச் சில பத்துக் கிலோமீட்டர் வரை தரையலை போகும். அதற்கப்பால், வானில் ஏறிய அலை எங்கே திரும்பி விழுகிறதோ அங்கேதான் நிலையம் தெளிவாகக் கேட்கும். பகலில் 41 மீட்டர் போன்ற பட்டைகளில் ஏறும் அலை, 250, 300 கிலோமீட்டர் உயரத்துப் படலத்தில் பட்டு ஒரே தாவலில் இறங்கும் தூரத்துக்குள் வட தமிழ்நாடு முழுவதும் அடங்கும். இரண்டு தாவல், மூன்று தாவல் என்று போகும்போதுதான் ஒலி தேயும், ஏறி இறங்கும். ஒரே தாவல் என்பதால் கொழும்பு நிலையம் பட்டப்பகலில் நின்று கேட்டது. இங்கேதான் நெசவின் நேரமும் அலையின் நேரமும் பொருந்தின. பட்டு நெசவு இயற்கை வெளிச்சத்தை நம்பிய தொழில். நிறம் பார்க்கவும் அறுந்த இழை தேடவும் பகல் வேண்டும். தறி ஓடும் பகலில்தான் கொழும்பும் நன்றாகக் கேட்டது.

'1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி வந்துவிட்டதே, அதன்பிறகு சிற்றலைக்கு என்ன தேவை?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் அந்தக் கேள்வியையே கவிழ்க்கிறது. கொழும்பிடம் இழந்த காதுகளை மீட்க டெல்லி தொடங்கிய விவித் பாரதி, முதலில் ஒலிபரப்பானதே பம்பாய், சென்னைச் சிற்றலை ஒலிபரப்பிகளிலிருந்துதான். எதிரியைத் துரத்த எதிரியின் பாதையிலேயே போகவேண்டியிருந்தது. மத்திய அலையில் அது பரவலாகக் கேட்கும் நிலை பிற்பாடு வந்தது. 1977இல் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் பண்பலை நேர்ப்பார்வைக்கு எட்டும் தூரம் வரைதான் போகும். ஆரணிக்கு அதனால் பயன் இல்லை. ஆகவே 1938 முதல் 1970கள் வரை, அரசு நிலையமோ அயல் நிலையமோ, செய்தியோ பாட்டோ, இந்த ஊர்க்காரர் சிற்றலைப் பட்டை இல்லாத பெட்டியை வாங்கியிருந்தால் பாதி உலகத்தை இழந்திருப்பார்.

இனி வீட்டுக்குள் வருவோம். டிரான்சிஸ்டருக்கு முந்திய வால்வு வானொலி பெரிய மரப்பெட்டி. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று பெயர் பொறித்து, கூடத்தில் பலகை அடித்து, பின்னல் விரிப்புப் போட்டு வைக்கப்படும் பொருள் அது. மின்சாரம் கேட்கும். வால்வு சூடேறும்வரை காத்திருக்கச் சொல்லும். கூரைமேல் இரண்டு கம்பம் நட்டு ஏரியல் கட்டச் சொல்லும். இது முதலாளி வீட்டுக்குப் பொருந்தும். கூலிக்கு நெய்கிறவரின் வீட்டில் கூடம் என்று தனியாக ஒன்று கிடையாது. கூடத்தின் தரையைத் தோண்டித்தான் தறிக்குழி. மீதி இடத்தில் சமையலும் உறக்கமும். சென்னை மாகாணம் மின்மயத்தில் மற்ற மாநிலங்களுக்கு முன்னே நின்றது உண்மைதான். ஆனால் மின்சாரம் ஊருக்கு வருவது வேறு, கூரை வீட்டுக்கு வருவது வேறு. வந்த வீட்டிலும் தறிக்கு மேலே ஒரு குண்டு பல்பு என்பதே முதல் தேவை. பெரிய பெட்டியை வாங்க முடியாதவர்களுக்கென்று பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஒலிபெருக்கியைக் கட்டி, மாலையில் ஊர்ப் பொது இடத்தில் முழங்குவது. அதில் எந்த நிலையம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை திருகைப் பிடித்திருப்பவருக்கு. நேரமும் மாலை மட்டுமே. பகலெல்லாம் தறியில் இருக்கும் ஆணுக்கும், அடுப்புக்கும் ராட்டைக்கும் நடுவே தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் அது எட்டாத வானொலி.

டிரான்சிஸ்டர் இந்தக் கணக்கை மாற்றியது. அது தறிக்கால் ஆணியில் தொங்கும். மத்தியானம் அடுப்படிக்குப் போகும். இரவு திண்ணைக்கு வரும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறி, பாவு தொய்ந்து, வேலை நிற்கும் நாட்களில் பாயோரத்தில் கிடக்கும். ஒரு வீட்டின் நான்கு சுவருக்குள் அது நடந்த நடைதான் அதன் பயணம். சிற்றலைக்கு இன்னொரு குணமும் உண்டு. வீட்டுக்குள் ஓரிடத்தில் தேயும் நிலையம், ஒரு முழம் தள்ளி வைத்தால் தெளியும். சன்னலருகே, நிலைப்படிக்கு மேலே, ஏரியலை மேற்கே சாய்த்தால், கிழக்கே சாய்த்தால் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அனுபவ அறிவு இருக்கும். ஓட்டுக் கூரைக்குக் கீழே நன்றாகக் கேட்பது தளம் போட்ட வீட்டுக்குள் மங்கும், கம்பியும் கான்கிரீட்டும் அலையைத் தடுக்கும் என்பதால். பெட்டி கையில் தூக்கும்படி இருந்ததால்தான் இந்தத் தேடல் சாத்தியமாயிற்று.

வேலையிடத்தில் பாட்டு கேட்டால் கவனம் சிதறாதா என்பது முதலாளிமார் எப்போதும் எழுப்பும் சந்தேகம். பட்டில் அது சின்னச் சந்தேகமும் இல்லை. கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வையில் ஒரு பிடி தவறினால் சேலையில் கோடு விழும், கூலியில் பிடித்தம் விழும். ஆனால் வேலையின் இயல்பைப் பார்த்தால், நெசவு கையையும் காலையும் கண்ணையும் முழுதாகப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் சும்மா விட்டுவைக்கிற தொழில். ஒரு கை நாடாவை ஓட்ட, மறு கை பலகையை இழுத்து அடிக்க, கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மாற்றி மிதிக்க, காது வெறுமனே இருக்கிறது. இந்தச் சும்மா இருக்கும் காதை உலகில் வேறு தொழில்களும் கண்டுகொண்டிருக்கின்றன. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை உட்கார்த்தி நாளிதழும் நாவலும் வாசிக்கச் செய்தார்கள். கண்ணூர் பக்கத்து பீடிக் கம்பெனிகளில் ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் பீடி சுற்றினார்கள். படிப்பவரின் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். போர்க்கால பிரிட்டனில் ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே பிபிசி 1940 ஜூனில் தனி இசை நிகழ்ச்சி தொடங்கியது, உற்பத்தி கூடும் என்ற நம்பிக்கையில். அங்கெல்லாம் பல பேர் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் ஒரு வாசகர் போதும். ஆரணியிலோ ஒவ்வொரு வீடும் ஒரு பட்டறை. வீட்டுக்கு ஒரு வாசகரை வைக்க முடியாது, டிரான்சிஸ்டரை வைக்கலாம். கவனச் சிதறல் என்ற ஆட்சேபத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: பாட்டு கையைத் தடுப்பதில்லை, செய்தி சிலவேளை தடுக்கும். அதனால்தான் பாட்டு பகலுக்கும், செய்தி தறியை நிறுத்திய இரவுக்கும் பிரிந்து நின்றது.

பெட்டி தேர்ந்தெடுத்த விதத்திலும் இந்தத் தொழிலின் முத்திரையைப் பார்க்கலாம். கடையில் மூன்று வகை கிடைத்தன. மத்திய அலை மட்டும் உள்ள ஒற்றைப் பட்டை. மத்திய அலையோடு ஒரு சிற்றலை சேர்ந்த இரட்டைப் பட்டை. இரண்டு சிற்றலை கொண்ட மூன்று பட்டை. பிலிப்ஸ், மர்ஃபி போன்ற பெயர் பெற்ற செட்டுகள் ஒருபுறம், சென்னை ரிச்சி தெருவில் உதிரி வாங்கிச் சிறு பட்டறைகளில் பூட்டிய லோக்கல் செட்டுகள் மறுபுறம். பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் நல்லது என்று வாடிக்கையாளர் நினைப்பார். உண்மையில் பார்க்கவேண்டியது முள் ஓடும் அளவு. மூன்று பட்டைப் பெட்டியின் இரண்டாம் சிற்றலை ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸிலிருந்து 22 வரை ஒரு சாண் நீளத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அதில் 41 மீட்டர் பட்டை முழுவதும் ஓரத்தில் விரல்நுனி அகலம். நூல் சுற்றிய சக்கரத்தால் இழுக்கப்படும் முள், மயிரிழை நகர்ந்தால் கொழும்பு போய் வேறொரு நாடு வந்துவிடும். நுண்திருகு தனியாக உள்ள பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் உள்ள வேறுபாடு, வாங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மலிவுப் பெட்டிகளில் ஒரே நிலையம் முள்ளின் இரண்டு இடங்களில் கேட்கும். பெட்டிக்குள் இருக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண்ணின் இருமடங்கு, அதாவது 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வரும் போலி அது. அதைக் குறை என்று கண்டவர் பொறியாளர். இரண்டில் எது கரகரப்பில்லாமல் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு அலுங்காமல் விட்டவர் நெசவாளர்.

தறி வீட்டுக்கு அதைவிட முக்கியம் ஒலிபெருக்கியின் அகலம். நாடா ஓடும் சத்தமும் பலகை அடிக்கும் சத்தமும் விட்டுவிட்டு வருவன. அந்த இடைவெளிகளை நிரப்ப நாலு அங்குல ஸ்பீக்கரும் மரப்பெட்டியும் வேண்டும். சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டியின் கீச்சுக்குரல் தறிச் சத்தத்தில் கரைந்துவிடும். ஆகையால் ஆரணிக்குப் பொருந்தியது, தோளில் மாட்ட வார் வைத்த, தோல் உறை போட்ட நடுத்தர அளவுப் பெட்டி. அடுத்தது பேட்டரி. பெரிய கட்டை போடும் பெட்டி கனம்தான். ஆனால் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குப் பென்சில் கட்டை கட்டுப்படியாகாது. எவரெடி கட்டை வலு குறைந்ததும் வெயிலில் காயவைத்து இன்னும் சில நாள் ஓட்டுவது வீட்டுக்கு வீடு இருந்த சிக்கனம். சூட்டில் உள்ளே வேதிவினை சற்று விழித்துக்கொள்வது உண்மை. மறந்து உள்ளேயே விட்ட கட்டை கசிந்து சுருள்கம்பியைத் தின்றுவிடுவதும் உண்மை. பழைய பெட்டிகளில் பாதி செத்தது வயதால் அன்று, இந்தக் கசிவால்.

அரசும் இந்தத் தேர்வில் மூக்கை நுழைத்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் சேர்ந்து, வானொலிப்பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றன. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை பெறவேண்டும். தவறினால் ஆய்வாளர் வருவார், அபராதம் விழும். 1980களின் தொடக்கத்தில் ஒற்றை, இரட்டைப் பட்டைப் பெட்டிகளுக்கு விலக்குத் தரப்பட்டது. எல்லாப் பெட்டிகளுக்கும் உரிமம் ஒழிந்தது அந்தப் பத்தாண்டின் நடுவில். மத்திய அலையோடு ஒரு சிற்றலைப் பட்டை சேர்ந்ததே சாமானியரின் வானொலி என்று அரசே ஒப்புக்கொண்ட விலக்கு அது. சிற்றலை ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்புச் சான்று வேண்டியதில்லை. ஆடம்பரமாக இருந்திருந்தால் வரி விலக்கு அதைத் தொட்டிருக்காது.

இரவுச் சிற்றலை வேறு கதை. பிபிசி தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் வாரச் செய்திக் கடிதமாகத் தொடங்கியது. 'தமிழோசை' என்ற பெயரை அதற்குத் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம், ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் நூல் எழுதியவரும் அவரே. பிற்காலத்தில் இரவு 9.15 என்பது தமிழோசை நேரம் என்று நிலைத்துவிட்டது. பீகிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்டில் வந்தது. இந்திய-சீன எல்லைப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அதைக் கேட்பதைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எழுதிப்போட்டால் பதில் கடிதமும் நாட்காட்டியும் அனுப்பும் நிலையத்தை யார் விடுவார்கள்? தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன. பின்னாளில் இதே பகுதித் தறிகளுக்குச் சீனப் பட்டு நூலும் வந்தது என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு. மணிலாவிலிருந்து வேரித்தாஸ், வத்திக்கான், மாஸ்கோ என்று பட்டியல் நீளும். இவற்றில் பிரசாரம் கலந்திருந்தது. இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஒரே செய்தியை டெல்லியிலும் லண்டனிலும் கேட்டு ஒப்பிடும் வழக்கம் திண்ணைக்கு வந்ததே பெரிது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்துவிட்டதை அகில இந்திய வானொலி மாலை வரை அறிவிக்கவில்லை. பிபிசி முன்பே சொல்லிவிட்டது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பிய தமிழருக்கு, கொழும்பின் பாட்டுக் குரல் போதாமல் லண்டனின் செய்திக் குரல் தேவைப்பட்டது. பகலில் ஒரு தீவு பாட, இரவில் அந்தத் தீவைப் பற்றி வேறொரு தீவு பேசியது.

இதெல்லாம் தமிழ்நாடு முழுக்க நடந்ததுதானே, ஆரணிக்கு என்ன தனிச்சிறப்பு என்று கேட்பவருக்கு இரண்டு பதில் உண்டு. டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் வானொலி வருகிறவர் போகிறவருக்கானது. வயலில் அது எப்போதாவது. நெசவு ஊரில் மட்டுமே ஒரு குடும்பம் முழுவதும் காலையிலிருந்து மாலைவரை ஒரே பெட்டியின் குரல் எட்டும் வட்டத்துக்குள் இருந்தது. இரண்டாவது பதில் இன்னும் நுட்பமானது. கைத்தறிக்கு மோட்டார் இல்லை. மோட்டார் கிளப்பும் மின்னிரைச்சல் சிற்றலைக்குப் பகை. அதோடு விசைத்தறியின் ஓயாத இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் வானொலி தோற்றது போல ஆரணியின் கைத்தறி வீட்டில் தோற்கவில்லை. ஜரிகைக் கரை போட்ட பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், வானொலியை நினைத்து எழுதப்பட்டதன்று. ஆனால் அது காத்த தொழில்முறையோடு அந்தத் தொழில்முறைக்கு ஏற்ற அமைதியையும் கொஞ்ச காலம் காத்தது.

தொலைக்காட்சிதான் சிற்றலையைக் கொன்றது என்பது பொதுவான முடிவு. தறி வீட்டைப் பொறுத்தவரை எனக்கு இதில் உடன்பாடில்லை. தொலைக்காட்சி கண்ணைக் கேட்கும். நெசவாளரிடம் கொடுக்கக் கண் இல்லை. மாலைப் பொழுதை அது பிடுங்கியது, தறி ஓடும் பகலை அதனால் பிடுங்க முடியவில்லை. பகலைப் பிடுங்கியவை முதலில் ஒலிநாடா, பிறகு பண்பலை, கடைசியில் கைப்பேசி. அலையைக் கெடுத்தவையோ வீட்டுக்குள்ளேயே வந்தன. எல்இடி பல்பும், கைப்பேசி சார்ஜரும், இன்வெர்ட்டரும் ஓயாமல் கக்கும் இரைச்சலில் 41 மீட்டர் பட்டை மூழ்கிவிட்டது. கேட்பவர் குறைய, ஒலிபரப்பியின் மின்கட்டணத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் நிலையங்கள் விலகின. பிபிசி தமிழோசை தன் சிற்றலை ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தியது. வேரித்தாஸ் 2018 ஜூன் இறுதியில் சிற்றலையை விட்டது. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பது சரியான வாதம்தான். கைப்பேசியில் கிடைப்பது அதிகம், தெளிவும் அதிகம். ஆனால் அது ஒருவர் காதுக்குள் முடிந்துபோகிறது. ஒரு வீட்டுக்கே ஒரு நிலையம் என்று இருந்த ஏற்பாடு அதில் இல்லை. அதை இழப்பு என்பதா விடுதலை என்பதா, எந்தப் பாட்டு வேண்டும் என்று அடுப்படியிலிருந்து சொல்லியும் கேட்கப்படாத பெண்களிடம் கேட்டால் இரண்டாவதைச் சொல்லக்கூடும்.

இன்றும் சிற்றலை கேட்க விரும்புகிறவர் பெட்டி வாங்கும்போது பட்டைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறவேண்டாம். எண் காட்டும் திரையும், அதிர்வெண்ணை நேராக அழுத்தி நிலையம் பிடிக்கும் வசதியும், வெளி ஏரியல் சொருகத் துளையும் உள்ளதை வாங்குங்கள். டெக்சன் போன்ற சீனப் பெட்டிகள் இந்த வேலையைச் செய்யும். நாலைந்து மீட்டர் கம்பியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, வீட்டின் மின்சார மெயினை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தால், கெடுப்பது பெட்டியா பல்பா என்று தெரிந்துவிடும். ஆரணிப் பக்கத்துப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் எடைக்குப் போடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பின்மூடியைத் திறந்து கசிந்த கட்டையை எடுத்துவிடுங்கள். கூடவே உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த அஞ்சலகத்தில், எந்த ஆண்டில் பணம் கட்டினார்கள் என்பது அந்த முத்திரைகளில் இருக்கும். எந்த நேரத்தில் எந்த நிலையம் ஓடியது என்பது தறியில் உட்கார்ந்த பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள், கேட்டு எழுதி வையுங்கள்.